40 மடங்கு பெரிய சீப்பு: எதில் செய்வது?

#1 பல்லில்லாச்சீப்பு (இழையைத் தொடங்கியவர்)

ஒரு பொதுக்கட்டடத்தின் முன்னால் இருக்கும் புல்வெளிக்குச் சிற்பம் செய்யும் வேலை கையில் வந்திருக்கிறது. பொருள் சாதாரணச் சீப்பு. சட்டைப்பையில் வைத்துக்கொள்வோமே, ஒரு பாதி அகலப்பல், மறுபாதி நெருக்கப்பல், அந்த ரகம். அதைப் பல் கீழாகப் புல்லில் குத்தி, லேசாகச் சாய்த்து நிறுத்தப்போகிறேன். யாரோ புல்வெளிக்குத் தலை வாரிவிட்டு அப்படியே விட்டுப்போனது போல இருக்க வேண்டும்.

அசல் சீப்பின் அளவு: நீளம் 18 செ.மீ., அகலம் 4 செ.மீ., முதுகின் தடிமன் 4 மி.மீ., எடை 20 கிராம். பல் 48. நெருக்கப்பல் பக்கம் ஒரு பல் உடைந்திருக்கிறது. அதையும் அப்படியே வைக்க ஆசை. 40 மடங்கு பெரிதாக்கினால் 7.2 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் உயரம், 16 செ.மீ. தடிமன். பல்லின் நுனி 20 செ.மீ. மண்ணுக்குள் போய்விடும்.

என் மனதில் ஓடுபவை: துருப்பிடிக்காத எஃகு, கோர்டென் எஃகு (மேலே படியும் துருவே காப்பாகும் ரகம்), அலுமினியம், ஃபைபர் (கண்ணாடியிழையில் ரெசின் என்ற பிசின் ஊறி இறுகியது), கான்கிரீட், மரம். இதில் ஒரு சிக்கல். அந்தச் சீப்பு பழுப்பு நிறப் பிளாஸ்டிக். மேசைமேல் கிடந்தால் ஒன்றுமில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்தால் தேன் நிறத்தில் ஒளிர்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரும் “இரும்பில் செய்து பெயின்ட் அடி” என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 ஓரமாய்_ஒருவன்

வழுக்கைத் தலைக்காரர்கள் சங்கம் வழக்குப் போடும். மற்றபடி நல்ல யோசனை.

#3 கணக்குப்புலி

பொருளைப் பேசுவதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். நீளம் 40 மடங்கு என்றால் பரப்பு 1,600 மடங்கு, கனஅளவு 64,000 மடங்கு. உங்கள் 20 கிராம் சீப்பு அதே பிளாஸ்டிக்கில் கெட்டியாக வார்த்தால் ஏறக்குறைய 1,280 கிலோ. கெட்டி எஃகு என்றால் 9 டன். கெட்டி அலுமினியம் 3 டன் சொச்சம். ஆக, கெட்டியாக எதையும் செய்யப்போவதில்லை. உள்ளே சட்டகம், வெளியே தோல். தோலின் பரப்பு நான் போட்ட கணக்கில் 28 சதுர மீட்டர் வருகிறது (பெரும்பகுதி பற்கள்தான்). 3 மி.மீ. எஃகுத் தகடு போர்த்தினால் தோல் மட்டும் 670 கிலோ. 5 மி.மீ. ஃபைபர் என்றால் 210 கிலோ பக்கம்.

எல்லோரும் எடையைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் தொய்வைப் பார்த்துத்தான் பயப்படுவேன். ஒரே பொருளில், ஒரே வடிவத்தில் 40 மடங்கு பெரிதாக்கினால், சொந்த எடையால் உள்ளே வரும் தகைவு (ஒவ்வொரு சதுர செ.மீ.-உம் தாங்க வேண்டிய விசை) 40 மடங்காகும். தொய்வு 1,600 மடங்காகும். சின்னச் சீப்பை ஒரு முனையில் பிடித்தால் விறைப்பாக நிற்கிறது என்பதற்காகப் பெரியதும் நிற்கும் என்று நம்பக்கூடாது.

அடுத்தது காற்று. நொடிக்கு 40 மீட்டர் (மணிக்கு 144 கி.மீ.) வேகத்தில் அடித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம். பல் இடைவெளியைக் கழித்தால் உங்கள் சீப்பின் முகப்பு 7 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். முக்கால் டன் தள்ளுவிசை; வடிவக் காரணியையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். புல்லில் குத்தி நிறுத்துவது பார்வைக்கு மட்டும். அடியில் ஒழுங்கான அஸ்திவாரம் வேண்டும்.

முதுகின் மேல் வரிசையாகப் பிள்ளைகள் ஏறி உட்காருவார்கள், அதையும் சுமையில் சேருங்கள். உட்கார மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். உட்காருவார்கள்.

#4 வெல்டிங்காரன்

நான் தகட்டு வேலைக்காரன், அதனால் தகட்டுக்கே ஓட்டுப் போடுவேன் என்று நினைப்பீர்கள். இந்த உருவத்துக்குப் போட மாட்டேன். காரணம் அந்த 48 பல். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், நுனி நோக்கிக் கூம்பும் பெட்டி. ஒரு பல்லுக்கு இரண்டு வெல்டிங் தையல் என்று வைத்தாலே 100 மீட்டர் வெல்டிங். 3 மி.மீ. தகட்டில் அவ்வளவு நீளம் ஓட்டினால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும். 48 பல்லும் 48 திசையில் நிற்கும். நிமிர்த்தி, கிரைண்டர் போட்டு, பட்டி பூசித் தேய்த்து முடிப்பதற்குள் உங்களுக்குச் சீப்பே தேவைப்படாது, முடியெல்லாம் கொட்டியிருக்கும்.

இன்னொன்று விளிம்பு. அசல் சீப்பின் விளிம்பு கூர்மையானது மாதிரி தெரியும்; உண்மையில் அது 0.2 மி.மீ. வளைவு. 40 மடங்கில் அது 8 மி.மீ. ஆகும். தகட்டை மடித்தால் வளைவு தகட்டின் தடிமன் அளவுக்குத்தான் வரும், 3 மி.மீ. பார்த்தால் சீப்பு மாதிரி இருக்காது, தகரப்பெட்டி மாதிரி இருக்கும். பெரிய சிற்பங்கள் பலவற்றில் இந்தத் தப்பைப் பார்க்கலாம். தகட்டில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தால் விளிம்பு முழுக்க 16 மி.மீ. உருட்டுக் கம்பி வைத்து அதில் தகட்டைச் சேர்க்க வேண்டும். வேலை இரட்டிப்பு.

துருப்பிடிக்காத எஃகு எடுத்தால் கடல் பக்கத்தில் 304 ரகம் வேண்டாம், உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரகம். அந்தப் பட்டறையில் அதே கிரைண்டர் வட்டை சாதாரண இரும்புக்கும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புத் துகள் ஒட்டினால் துருப்பிடிக்காத எஃகிலும் பழுப்புப் புள்ளி வரும், பழி எஃகின்மேல் விழும்.

கோர்டெனை மறந்துவிடுங்கள். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்துதான் அதன் துரு இறுகிக் காப்பாகிறது. ஈர மண்ணில் குத்தி வைத்தால் காயவே காயாது, அரித்துக்கொண்டே போகும். சீப்பில் 48 இடத்தில் மண் தொடுகிறது.

#5 சுவடி_வாசகி

கோர்டெனுக்கு ஒரு வார்த்தை: தப்பான இடத்தில்தான் தப்பு. அன்றாடப் பொருள்களை ராட்சத அளவில் செய்த சிற்பி க்ளேஸ் ஓல்டன்பர்க் 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் நிறுத்திய துணிக்கவ்வி 45 அடி உயரம். கவ்வியின் இரண்டு கைகளும் கோர்டென், நடுவில் இருக்கும் சுருள்வில் துருப்பிடிக்காத எஃகு. மரத்தின் பழுப்பைத் துருவே கொடுத்துவிடுகிறது, உலோகவில் உலோகமாகவே இருக்கிறது. அது நிற்பது கல் பாவிய நகரச் சதுக்கத்தில், ஈர மண்ணில் இல்லை.

அவருடைய வேலைகளில் உங்களுக்குப் பாடமாக இருப்பது இன்னொன்று. 1969-இல் யேல் பல்கலைக்கழகத்தில் உதட்டுச்சாயக் குழாயைப் பீரங்கி வண்டியின் சங்கிலிச் சக்கரங்கள்மேல் ஏற்றி வைத்தார். முதல் வடிவத்தில் சக்கரப் பகுதி ஒட்டுப்பலகை. சாயம் காற்று ஊதி எழுப்பும் மென்மையான வினைல். கேலியாகப் பார்த்தால் அற்புதம்: தொய்ந்து விழும், ஊதினால் எழும். வெளியில் நின்றதில் கொஞ்ச நாளிலேயே சிதைந்தது. 1974-இல் கோர்டென், அலுமினியம், ஃபைபர் என்று உறுதியான பொருள்களில் திரும்பச் செய்துவைத்தார்கள். நிலைத்தது, ஆனால் அந்தத் தொய்வு போய்விட்டது. உங்கள் தேன் நிறமும் இப்படித்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது. “உறுதி உறுதி” என்று எல்லோரும் சேர்ந்து அதைக் கொன்றுவிடுவோம்.

இன்னொரு பக்கம், கான்சாஸ் சிட்டியில் அருங்காட்சியகப் புல்வெளியில் ஓல்டன்பர்க்கும் அவர் மனைவி கூஷா வான் ப்ரூகனும் 1994-இல் போட்ட இறகுப்பந்துகளைப் பாருங்கள். நான்கு பந்து, ஒவ்வொன்றும் 5 மீட்டருக்கு மேல் உயரம். அலுமினியமும் ஃபைபரும் கலந்து செய்தவை. “எந்தப் பொருளில் செய்வது” என்று ஒருமையில் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பகுதியை எந்தப் பொருளில் என்று கேட்டுப் பாருங்கள்.

#6 பல்லில்லாச்சீப்பு

வாசகி, இது உதவும். பகுதி பகுதியாக யோசிக்கவே இல்லை.

மரம், கான்கிரீட் பற்றி யாராவது?

#7 கணக்குப்புலி

கான்கிரீட் சுருக்கமாக: வெளியில் நிற்கும் கான்கிரீட்டில் உள்ளே இருக்கும் கம்பியை 40, 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உங்கள் நெருக்கப்பல்லின் அகலமே 60 மி.மீ. கம்பிக்கு இடமில்லை. முடிந்தது.

மரத்தில் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன். ஜெனீவாவில் ஐ.நா. கட்டடத்துக்கு எதிரே நிற்கும் கால் உடைந்த நாற்காலி, டானியல் பெர்செயின் 1997 வேலை, 12 மீட்டர் உயரம், 5.5 டன் மரம். ஆனால் அது மரநாற்காலி. மரத்தில் செய்வதில் பொருள் இருக்கிறது. பிளாஸ்டிக் சீப்பை மரத்தில் செய்தால் மரச்சீப்பாகிவிடும், அது வேறு பொருள். தவிர, நார் முனை மண்ணில் குத்தி நிற்பது மரத்துக்கு வரும் சாவுகளிலேயே மோசமானது.

#8 ஃபைபர்கைகள்

இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன், வெல்டிங்காரர் என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். 48 பல் என்று அவர் அழுகிறார், எனக்கு அது இரண்டே அச்சு. அகலப்பல்லுக்கு ஒன்று, நெருக்கப்பல்லுக்கு ஒன்று. ஒன்றில் 20, மற்றதில் 28 எடுத்துக்கொண்டே போகலாம். திரும்பத் திரும்ப வரும் உருவத்துக்கு ஃபைபரை மிஞ்ச ஆளில்லை.

சில எச்சரிக்கைகள், எல்லாம் பட்டு அறிந்தவை.

மூல உருவத்தைத் தெர்மாகோலில் வெட்டி அதன்மேல் நேரடியாகப் பாலியெஸ்டர் ரெசின் தடவாதீர்கள். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துக் குடித்துவிடும். என் முதல் பெரிய வேலையில் ஒரு பக்கத்தையே இப்படி இழந்தேன். காலையில் வந்து பார்த்தால் பள்ளத்தாக்கு. எப்பாக்ஸி போடுங்கள், அல்லது நடுவில் ஒரு தடுப்புப் பூச்சு.

ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. புதிதாகப் படிக்கும் யாராவது இருந்தால் என்பதற்காகச் சொல்கிறேன்.

சாதாரண ரெசின் 60, 70 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். கரும்பழுப்பு நிறத்தில் உச்சி வெயிலில் நிற்கும் முதுகு அந்தச் சூட்டைத் தொடும். சூட்டை இன்னும் தாங்கும் ஐசோ ரெசின் வாங்குங்கள். 450 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு அந்த எடையுள்ள கண்ணாடியிழை விரிப்பு) ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வரும், முதுகுக்கு ஐந்தாறு அடுக்கு, பல்லுக்கு நான்கு போதும்.

#9 பூங்காக்_காவலன்

சிற்பி இல்லை நான். இருக்கிற சிற்பங்களைப் பராமரிக்கிற ஆள். நீங்கள் திறந்துவைத்துவிட்டுப் போன பிறகு 20 வருடம் அதோடு குடித்தனம் நடத்துவது என் மாதிரி ஆட்கள்தான், அதனால் ஒன்று கேட்கிறேன்: அந்த 48 பல்லுக்கு நடுவில் புல்லை எப்படி வெட்டுவது?

வண்டி போகாது. நைலான் நூல் சுழலும் கைவெட்டிதான். அந்த நூல் வாரம் ஒருமுறை பல்லின் அடியில் பட்பட்டென்று அடிக்கும். ஜெல்கோட்டை (ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சு) ஒரு வருடத்தில் உரித்துவிடும், பெயின்ட் அதற்கும் முன்னால் போய்விடும். ஃபைபரின் நார் வெளியே தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஏறும். நான் பார்த்த ஃபைபர் சிற்பங்கள் பலவும் தரையோடு சேரும் இடத்தில்தான் முதலில் செத்தன.

வழி இரண்டு. பல்லைச் சுற்றிப் புல்லுக்குப் பதில் கூழாங்கல் போடுவது. ஆனால் அப்போது சீப்பு புல்லை வாராது, கல்லை வாரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பல்லின் அடியிலும் துருப்பிடிக்காத எஃகில் ஒரு செருப்பு மாட்டிவிடுங்கள், மண்ணுக்கு மேல் 10 செ.மீ. வரை. புல் வளர்ந்தால் அது கண்ணில் படாது.

#10 வெல்டிங்காரன்

செருப்பு நல்ல யோசனை. 316-இல் போடுங்கள். உள் சட்டகம் சாதாரண எஃகாக இருந்தால் முக்கி எடுக்கும் துத்தநாகப் பூச்சு கொடுங்கள். மூடிய குழாய் எதையும் காற்றுத் துளை இல்லாமல் துத்தநாகத் தொட்டிக்கு அனுப்பாதீர்கள். தொட்டி 450 டிகிரி. உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் குழாய் வெடிகுண்டாகிவிடும்.

துத்தநாகம் பூசிய எஃகும் துருப்பிடிக்காத எஃகும் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் குழலும் வையுங்கள். ஈரத்தில் இரண்டும் நேரடியாகத் தொட்டால் துத்தநாகம்தான் கரையும்.

#11 கணக்குப்புலி

ஒரு விஷயத்தில் எல்லோரும் கோட்டைவிட்டிருக்கிறோம், நானும்தான். 48 பல்லையும் கான்கிரீட்டில் இறுக்கிவிட்டால் முதுகு நீள எங்கே இடம்? 7.2 மீட்டரில் 40 டிகிரி வித்தியாசத்துக்கு எஃகு மூன்றரை மி.மீ. நீளும், அலுமினியம் ஆறரை, அக்ரிலிக் 2 செ.மீ., பாலிஎத்திலீன் 4 செ.மீ. அளவுக்கு. ஃபைபரும் எஃகும் ஒன்றாகப் போனால்கூட ஒன்று மற்றதைவிட 4 மி.மீ. அதிகம் நகரும். இரண்டையும் ரெசினால் ஒட்டி இறுக்கினால் வெயிலும் பனியும் மாறி மாறி வந்து விரிசல் விடும். நடுவில் ரப்பர் பட்டை கொடுத்து மாட்டுங்கள்.

எனவே அகலப்பல் பக்கம் ஆறு பல் மட்டும் எடையைத் தாங்கட்டும். அவைதான் உண்மையான கால்கள், கான்கிரீட்டுக்குள் போவது அவை மட்டும். அகலப்பல்லின் நடுவில் இருக்கும் கால்கள் இறுக்கமாக, ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் நகர விட்டு. மீதி 42 பல்லும் வெறும் தோல். மண்ணில் ஒரு குழலுக்குள் தொங்கிக்கொண்டிருக்கட்டும். ஆனால் அப்போது நெருக்கப்பல் பக்கம் முழுவதும், மூன்று மீட்டருக்கு மேல், ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். முதுகுக்குள் 60 செ.மீ. உயரம் இருப்பதால் சட்டகம் தாங்கும், வெளி முனையில் ஒரே ஒரு கால் மட்டும் கூடுதலாகக் கொடுத்தால் நிம்மதி.

அப்புறம் அந்த உடைந்த பல். நெருக்கப்பல் இடைவெளி 40 மடங்கில் 52 மி.மீ., பல் 60 மி.மீ. ஒன்று உடைந்தால் திறப்பு 164 மி.மீ. அமெரிக்க விளையாட்டுத்திடல் பாதுகாப்புக் கையேட்டில் 89 மி.மீ. முதல் 230 மி.மீ. வரையிலான திறப்பைக் குழந்தையின் தலை சிக்கும் அளவு என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் உடைந்த பல் சரியாக அதற்குள் விழுகிறது.

#12 பூங்காக்_காவலன்

புலி, தரையே கீழ் எல்லையாக இருக்கும் திறப்புக்கு அந்தக் கையேட்டில் விலக்கு உண்டு. குழந்தையின் கால் தரையில் இருக்கும், தலை மாட்டித் தொங்காது என்பதுதான் காரணம்.

#13 கணக்குப்புலி

சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தலையை உள்ளே விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் அழும் பிள்ளையைச் சமாளிக்கப்போவது நீங்கள்தானே.

#14 பூங்காக்_காவலன்

அதுவும் சரிதான்.

#15 பல்லில்லாச்சீப்பு

பக்கத்துப் பல்லையும் சேர்த்து உடைத்துவிட்டால்? 52 × 3 + 60 × 2 = 276 மி.மீ. தலை போய் வந்துவிடும். அசலில் ஒன்றுதான் உடைந்திருக்கிறது, ஆனால் இரண்டு உடைந்த சீப்பு இன்னும் சீப்பாகவே தெரிகிறது என்று நினைக்கிறேன். ஒரு சின்ன அட்டை மாதிரி செய்து பார்த்தேன். இன்னும் பழசாக, இன்னும் பாவமாக இருக்கிறது.

ஆக, உருவம் முடிவாகிறது. தேன் நிறம்?

#16 ஓரமாய்_ஒருவன்

காற்றடைத்த பலூனாகச் செய்யுங்கள். வெளிச்சம் ஊடுருவும், எடையும் இல்லை, பிள்ளைகள் ஏறினால் குதித்து விளையாடலாம்.

#17 சுவடி_வாசகி

டச்சுக் கலைஞர் ஹோஃப்மனின் காற்றடைத்த ராட்சத ரப்பர் வாத்து 2013 டிசம்பர் 31 அன்று தைவானின் கீலுங் துறைமுகத்தில் வெடித்துச் சுருங்கியது. சில நாள் காட்சிக்குச் சரி, 20 வருடத்துக்கு இல்லை.

#18 பல்லில்லாச்சீப்பு

தேன் நிறத்துக்கு நான் யோசித்தவை. ஒன்று, தெளிவான ரெசினைக் கெட்டியாக வார்ப்பது. இரண்டு, அக்ரிலிக். மூன்று, உலோகத்தின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணப்பூச்சு, கார்களுக்கு அடிப்பார்களே அந்த மாதிரி. நான்கு, உள்ளே எல்.இ.டி. விளக்கு.

#19 ஃபைபர்கைகள்

ஒன்று: கெட்டி ரெசின் இறுகும்போது சூடாகும். 16 செ.மீ. தடிமனில் ஒரே ஊற்றாக ஊற்றினால் உள்ளே வெந்து வெடிப்பு விடும். கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கடுக்காக ஊற்றலாம், 1.1 கன மீட்டருக்கு அப்படி ஊற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் ஓய்வுபெற்றுவிடுவீர்கள்.

இரண்டு: அழகு. கீறல் விழும், சாவியால் பெயர் எழுதுவார்கள், நாளாக நாளாக நுண்விரிசல் வரும். 2 செ.மீ. நீட்சியும் இருக்கிறது.

மூன்று: அந்த வகைப் பூச்சு வெயிலில் வெகு சீக்கிரம் வெளிறும். ஓரிடத்தில் உரசினால் அந்த இடத்தை மட்டும் திருத்தவும் முடியாது, முழுப் பலகையையும் அடிக்க வேண்டும்.

நான்கு: விளக்கு வைத்தால் அது சீப்பு இல்லை, விளம்பரப் பலகை. மன்னிக்கவும்.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. புலி இப்போது (அந்தக் கூடுதல் காலையும் கழித்தால்) 41 பல்லை வெறும் தோலாக்கிவிட்டார், பார்த்தீர்களா? உள்ளே எஃகு இல்லை. நிறமி கலந்த ஜெல்கோட் இல்லாமல், தேன் சாயம் கலந்த ஐசோ ரெசினில் 4 மி.மீ. எடுத்தால் அந்தப் பல்லில் வெளிச்சம் ஊடுருவும். முன்தோல், பின்தோல் இரண்டையும் தாண்டி வரும் வெயில் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் சாய்ந்த வெயிலில் நிச்சயம் தெரியும். முதுகையும் கால்களையும் பழுப்பு ஜெல்கோட்டில் ஒளி புகாமல் செய்துவிடலாம். அசல் சீப்பிலும் முதுகு தடிமன், அது அவ்வளவாக ஒளிராது; பல்தான் ஒளிரும். சரியா?

#20 பல்லில்லாச்சீப்பு

இப்போதுதான் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். சரி. பல்தான். முதுகு கிட்டத்தட்ட கறுப்பு. இத்தனை நாளாக முழுச் சீப்பும் ஒளிர்கிறது என்றே நினைத்திருக்கிறேன்.

#21 சுவடி_வாசகி

அந்தச் சீப்பை நீங்கள் கையில் வைத்திருக்கும்போதே கேட்கிறேன். பக்கவாட்டில், முதுகைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா?

#22 பல்லில்லாச்சீப்பு

ஓடுகிறது. நகத்தில் தட்டுகிறது. அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு.

#23 சுவடி_வாசகி

அதை அழிக்காமல் பெரிதாக்குங்கள். 0.1 மி.மீ. கோடு 4 மி.மீ. மேடாகும். சிற்பம் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் வழுவழுவென்று தேய்த்துவிட்டுப் பிறகு “ஏன் இது பொம்மை மாதிரி இருக்கிறது” என்கிறார்கள். தொழிற்சாலையில் பிறந்த பொருளுக்குப் பிறந்த தழும்பு உண்டு. அச்சுக்கோடு, பொருளைத் தள்ளிவிடும் ஊசி பதிந்த வட்டம், ரெசின் உள்ளே பாய்ந்த இடத்தில் முறிந்த காம்பு.

#24 ஃபைபர்கைகள்

அக்கா, நீங்கள் என் அரை வேலையை மிச்சம் பிடித்துவிட்டீர்கள். முதுகை எப்படியும் இரண்டு பாதியாகத்தான் எடுக்கப்போகிறேன். அந்தச் சேர்ப்பை மறைக்கத்தான் நாள்கணக்கில் பட்டி போட்டுத் தேய்ப்போம். ஒரு வருடம் கழித்து வெயிலில் அது எப்படியும் மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். அசலில் கோடு எங்கே இருக்கிறதோ அங்கேயே சேர்ப்பை வைத்துவிட்டால் மறைக்கவே வேண்டாம். போல்ட்டுகளையும் அந்த மேட்டின் அடியிலேயே ஒளிக்கலாம். நாளைக்குப் பழுது வந்தால் அங்கேயே திறக்கலாம்.

#25 வெல்டிங்காரன்

முதுகைத் திறக்க முடியும் என்றால் சட்டகத்தைப் போல்ட் போட்டே கட்டுகிறேன். களத்தில் வெல்டிங் வேண்டாம், பூசிய துத்தநாகம் எரியும், அந்தப் புகையும் நல்லதில்லை. 7.2 மீட்டரை மூன்று துண்டாக ஏற்றி வரலாம்.

#26 பல்லில்லாச்சீப்பு

எட்டு மாதம் ஆயிற்று, இழையை மேலே தூக்குகிறேன். முடிவை எடுப்பதற்கு முன் மாதிரிகளை வெயிலில் போட்டுப் பார்க்கிறேன் என்று தனிமடலில் சிலரிடம் சொல்லியிருந்தேன். ஒரு வெயில்காலமும் ஒரு மழைக்காலமும் மாடியில் கிடந்தன. விவரம்:

சாதாரண ரெசின், கரும்பழுப்பு: முதுகின் மாதிரிப் பலகை நடுவில் 3 மி.மீ. குழிந்துவிட்டது. ஃபைபர்கைகள் சொன்னபடியே. ஐசோ ரெசின் பலகை அசையவில்லை.

தேன் சாயம், வெறும் மேட்: வெளிச்சத்தில் பிடித்தால் நார் நாராகத் தெரிகிறது. முடி ஒட்டிய சீப்பு மாதிரி. முதலில் வெறுத்தேன், பிறகு இதுவும் பரவாயில்லையோ என்று ஒரு வாரம் தடுமாறினேன். இல்லை, அது மலிவான வேடிக்கை.

தேன் சாயம், வெளிப்புறம் மெல்லிய டிஷ்யூ (நுண்ணிய கண்ணாடியிழைத் தாள்) அடுக்கு, மேலே புற ஊதாத் தடுப்புள்ள தெளிவுப் பூச்சு: இதுதான். நார் மறைகிறது, வெளிச்சம் பரவுகிறது. கொஞ்சம் மஞ்சளடித்திருக்கிறது. எல்லோரும் பாலியெஸ்டர் மஞ்சளடிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள்; தேன் நிறம் வேண்டும் என்று அலையும் எனக்கு அது இலவசச் சாயம். ஆரம்பச் சாயத்தை ஒரு படி வெளிறலாகக் கலக்கப்போகிறேன், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

எஃகுச் செருப்பு: கைவெட்டியால் வேண்டுமென்றே அரை மணி நேரம் அடித்தேன். கீறல் மட்டும். செருப்பில்லாத மாதிரியில் நார் வெளியே வந்துவிட்டது. காவலரே, நன்றி.

ஆக: துத்தநாகம் பூசிய எஃகுச் சட்டகம், ஏழு கால், முதுகும் கால் உறையும் ஒளி புகாத பழுப்பு ஐசோ ஃபைபர், மீதிப் பல் தேன் நிறம், அடியில் 316 செருப்பு, அச்சுக்கோட்டில் சேர்ப்பு. இரண்டு பல் உடைந்த இடத்தில் அடிக்குச்சிகள் உண்டு, அவற்றின் முறிந்த முகம் மட்டும் தேய்க்காமல் கரடுமுரடாக.

#27 பூங்காக்_காவலன்

வெற்றுப் பல்லுக்குள் ஈரம் தேங்குமே, வடிகால் துளை எங்கே?

#28 பல்லில்லாச்சீப்பு

செருப்புக்குச் சற்று மேலே, பின்பக்கம், 10 மி.மீ. ஆனால் துளைக்கு வலை வைக்க மறந்துவிட்டேன். மாடியில் இருக்கும் மாதிரிப் பல்லுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. மாலை வெயிலில் உள்ளே அது நடமாடுவது நிழலாகத் தெரிகிறது.

#29 ஓரமாய்_ஒருவன்

அதை எடுக்காதீர்கள். 40 மடங்கு சீப்புக்கு அதுதான் சரியான அளவு பேன்.